வண்டிக்கும் மூட்டு வலி

ஜீப் வகை வண்டி ஒன்றின் கையேட்டைத் தமிழில் பெயர்க்கும் வேலை சில வருடங்களுக்கு முன் என்னிடம் வந்தது. பட்ஜெட் உரை, வெள்ள நிவாரணம், பங்குச் சந்தைச் சரிவு என்று எதைக் கொடுத்தாலும் அரை மணி நேரத்தில் தள்ளிவிட்டு டீ குடிக்கப் போகும் ஆள் நான். ஆனால் 'கண்ட்ரோல் ஆர்ம்' என்ற இரண்டு சொற்கள் ஒரு பிற்பகல் முழுவதையும் விழுங்கிவிட்டன. கடைசியில் 'கட்டுப்பாட்டுக் கரம்' என்று எழுதினேன். எம்.ஏ. தமிழ் படித்தவனுக்கு அதில் குற்றம் எதுவும் தெரியவில்லை. மறுநாள் படித்துப் பார்த்தபோது ஏதோ கட்சியின் ஒழுங்கு நடவடிக்கைக் குழுவைப் போல இருந்தது. அப்படியே அச்சாகியும் விட்டது.

பிறகுதான் தில்லி மெக்கானிக்குகள் அதை 'கைஞ்சி' என்று சொல்வதைக் கேட்டேன். இந்தியில் கைஞ்சி என்றால் கத்தரிக்கோல். வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தால் பெயர்ப் பொருத்தம் புரிந்துவிடும். சட்டத்தோடு இரண்டு இடத்தில் பிணைந்து, சக்கரத்தை நோக்கி ஒன்றாகக் குவிந்து நீளும் இரும்புக் கை. மேடு பள்ளத்தில் சக்கரம் ஏறி இறங்கும்போது இந்தக் கையும் கூடவே ஏறி இறங்கும். சக்கரம் முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் ஓடிவிடாமல் பிடித்துக்கொள்வதும் இதுதான். நமக்குத் தோள் செய்கிற வேலை.

தோள் என்றால் மூட்டு வேண்டுமே. கையின் உள்முனையில், சட்டத்தோடு சேரும் இடத்தில், பெரும்பாலும் ரப்பர் புஷ் இருக்கும். வெளிமுனையில், சக்கரத்தைத் தாங்கும் இடத்தில், 'பால் ஜாயிண்ட்'. இந்தப் பால் மாடு கறப்பதல்ல, பந்து. கோலி அளவுக்குச் சற்றுப் பெரிய, பளபளப்பான இரும்புப் பந்து ஒன்று கிண்ணம் போன்ற குழிக்குள் அமர்ந்து எல்லாப் பக்கமும் திரும்பும். இடுப்பெலும்பில் தொடையெலும்பு உட்கார்ந்திருக்கும் அதே ஏற்பாடு. பந்துக்கும் குழிக்கும் நடுவே கொஞ்சம் கிரீஸ். அந்தக் கிரீஸ் வெளியே வழியாமலும் மண்ணும் தண்ணீரும் உள்ளே போகாமலும் காக்க, ஒரு சின்ன ரப்பர் உறை. ஒன்றரை டன் வண்டியும் அதிலிருக்கும் குடும்பமும் பாதுகாப்பாக வீடு திரும்புவதில் இந்த உறைக்கு இருக்கும் பங்கை எந்த விளம்பரமும் சொல்வதில்லை.

எனக்கும் அது தெரியாமல்தான் இருந்தது, 2022 ஜூன் வரை.

நண்பர் ஒருவர் பழைய வண்டி வாங்கியிருந்தார். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி. முந்தைய சொந்தக்காரர் மலைப் பிரியர். முன்பக்கத்துப் பந்து மூட்டுகளை மாற்றி, கிரீஸ் நிப்பிள் வைத்த மூட்டுகளாகப் போட்டிருந்தார். "இது தரமான சமாசாரம்" என்று விற்கும்போது பெருமையாகச் சொன்னாராம். தரமானதுதான். ஆனால் நிப்பிள் வைத்த மூட்டு என்பது கறவை மாடு மாதிரி. வேளாவேளைக்கு வைக்கோல் போட ஆள் இருந்தால்தான் அது சொத்து. ஸ்பித்திக்குப் போகலாம் என்று முடிவானதும் தில்லியில் ஒரு பெரிய பணிமனையில் வண்டியை விட்டோம். நாற்பதுக்கு மேற்பட்ட இனங்கள் அச்சிட்ட தாளில் ஒவ்வொன்றுக்கும் எதிரே சரிக்குறி போட்டுக் கொடுத்தார்கள். இருபத்தாறாவதோ இருபத்தேழாவதோ, 'சேசிஸ் கிரீசிங்'. அதற்கு எதிரேயும் சரிக்குறி.

மணாலியிலிருந்து காஸா போக இப்போது ரோதாங் கணவாய் ஏற வேண்டியதில்லை. 2020 அக்டோபரில் திறந்த அடல் சுரங்கப் பாதையில் நுழைந்து மறுபக்கம் வெளியே வந்து, கோக்சர் வழியாகக் கிராம்பூவை அடையலாம். கிராம்பூவிலிருந்து பாத்தல் வரை சுமார் 50 கிலோமீட்டர். இதைச் சாலை என்று குறிப்பிடுவது அரசாங்க ஆவணங்களின் பெருந்தன்மை. நாங்கள் போனபோது சந்திரா ஆற்றின் கரையில் உருண்டைக் கற்களைப் பரப்பி வைத்தது போல இருந்தது. நடுநடுவே பனி உருகி வரும் ஓடைகள் பாதையைக் குறுக்காக வெட்டிக்கொண்டு ஓடுகின்றன. காலையில் முழங்கால் அளவு. வெயில் ஏறி மலையில் பனி இளக இளக, பிற்பகலில் அதே ஓடை வேறு ஆளாகிவிடும். அதனால் அந்த வழியில் ஓடும் ஓட்டுநர்கள் விடியற்காலையிலேயே கிளம்பிவிடுகிறார்கள்.

மூன்றாவது ஓடையைக் கடந்தபிறகு முன்பக்கம் இடதுபுறத்தில் ஒரு சத்தம். 'டொக்'. கல்லில் ஏறும்போது ஒன்று, இறங்கும்போது ஒன்று. அந்தப் பாதையில் வண்டி முழுக்கவே சத்தம்தான். பாத்திரக் கடைக்குள் ஆடு புகுந்த மாதிரி. அதில் இதைத் தனியாகப் பிரித்துக் கேட்கும் காது எங்கள் இருவருக்கும் இல்லை. நண்பர் பாட்டுச் சத்தத்தைக் கூட்டினார்.

அந்தக் காது எங்களுக்குப் பின்னால் வந்த டாடா சுமோ ஓட்டுநருக்கு இருந்தது. சத்ரு என்ற இடத்தில் டீக் கடைகளும் கூடாரங்களும் உண்டு. (தமிழில் எழுதினால் பகைவன் என்று ஆகிவிடுகிறது. ஊருக்கு அப்படி ஒரு விரோதமும் கிடையாது.) அங்கே நாங்கள் வண்டியை நிறுத்தி இறங்குவதற்குள், அவர் தன் வண்டியிலிருந்து குதித்து வந்து எங்கள் சக்கரத்தின் அருகே மண்டியிட்டுவிட்டார். அவருடைய சுமோவில் ஒன்பது பேர் காஸா போகக் காத்திருந்தார்கள். அவர்களில் யாரும் முணுமுணுக்கவில்லை. இறங்கி டீ சொன்னார்கள். மலையில் ஒரு வண்டி நின்றால் அடுத்த வண்டி நிற்க வேண்டும் என்பது அங்கே நல்ல குணம் அல்ல, நடைமுறை.

"பாயி ஜி, ஜாக்கி கொடுங்கள்" என்றார்.

ஜாக்கியை வண்டிச் சட்டத்துக்கு அடியில் வைக்கப் போன நண்பரைத் தடுத்து, கீழ்க்கைக்கு அடியில், சக்கரத்தை ஒட்டினாற்போல் வைத்தார். அது ஏன் என்று பிற்பாடு விளக்கினார். வண்டியின் பாரத்தை வாங்கும் ஸ்பிரிங்கோ முறுக்குத் தண்டோ கீழ்க்கையோடு சேர்ந்திருக்கும் வண்டிகளில், சட்டத்தைத் தூக்கினால் கை தொங்கும், மூட்டு விறைப்பாகவே நிற்கும், தேய்மானம் தெரியாது. கையையே தூக்கினால் மூட்டு பாரம் இறங்கித் தளர்ந்து உண்மையைச் சொல்லிவிடும். நோயாளியைப் படுக்கவைத்து வயிற்றை அமுக்கிப் பார்ப்பது போல. சக்கரம் தரையிலிருந்து இரண்டு விரல் உயர்ந்ததும் டயருக்கு அடியில் ஒரு கடப்பாரையை நுழைத்து நெம்பினார். சக்கரம் மேலும் கீழும் ஆடியது. கண்ணால் பார்க்கும்படியாக, அரை விரல் அளவுக்கு ஆடியது.

பிறகு மல்லாந்து உள்ளே போனார். நானும் போனேன், பத்திரிகைக்காரன் புத்தி. ரப்பர் உறை ஒரு பக்கம் முழுக்கக் கிழிந்திருந்தது. உள்ளேயிருந்து வடிந்தது கிரீஸ் அல்ல, துருவும் தண்ணீரும் கலந்து காவி நிறத்தில் ஒரு குழம்பு. அதற்குக் கீழே நிப்பிள். அவர் நகத்தால் அதைச் சுரண்டினார். கட்டியாக ஒரு மண் ஓடு பெயர்ந்து என் சட்டையில் விழுந்தது. மலை மண் சாம்பல் நிறம். இது மஞ்சள். தில்லி மண். காய்ந்து, இறுகி, மாதக்கணக்கில் யாரும் தொடாத மண். நான் அந்தச் சரிக்குறியை நினைத்துக்கொண்டேன்.

"கன் இருக்கிறதா, கிரீஸ் அடித்துவிட்டு மெதுவாகக் காஸா வரை போய்விடலாமா?" என்று நண்பர் கேட்டார். ஓட்டுநரிடம் கன் இருந்தது. இருக்கைக்கு அடியில் ஒரு டால்டா டப்பாவில் துணி சுற்றி வைத்திருந்தார். ஆனால் அவர் தலையை ஆட்டினார். "கிரீஸ் சாப்பாடு, மருந்து இல்லை. செத்தவன் வாயில் சோறு ஊட்டி என்ன பயன்?" பந்து தேய்ந்துவிட்டது, குழி வாயைப் பிளந்துவிட்டது, இனி எத்தனை கிரீஸ் திணித்தாலும் அது அடுத்த கல்லில் வெளியே வந்துவிடும். பந்து குழியைவிட்டு வெளியே வருமானால் சக்கரம் பிடிப்பின்றி வெளிப்பக்கமாக மடங்கிக்கொள்ளும். ஸ்டியரிங் கையில் இருக்கும், வண்டி கேட்காது. இதை அவர் சொல்லவில்லை. தன் உள்ளங்கையை விரித்து, மணிக்கட்டில் மடக்கிக் காட்டிவிட்டு, மறு கையால் சாலையோரத்தைச் சுட்டினார். அங்கே சந்திரா ஆறு ஓடிக்கொண்டிருந்தது.

எங்கள் பயணம் அங்கேயே முடிந்தது. கைபேசியில் சிக்னல் இல்லை. மணாலிக்கு இறங்கும் வண்டி ஒன்றில், உதிரிப்பாகத்தின் பெயரையும் வண்டி மாடலையும் சிகரெட் அட்டையில் எழுதி அனுப்பினார். சுமோ காஸாவுக்குக் கிளம்பியது. பணம் வாங்க மறுத்துவிட்டார், டீக்குக்கூட. நாங்கள் கூடாரத்தில் இரண்டு இரவு படுத்திருந்தோம். மறுநாள் மாலை புதிய மூட்டும் அதைப் பொருத்த ஒரு மெக்கானிக்கும் வந்து சேர்ந்தார்கள். புறநானூற்றில் ஔவையார் பாட்டு ஒன்றில், உப்பு வணிகர்கள் வழியில் என்ன ஆகுமோ என்று வண்டிக்கு அடியில் ஒரு சேம அச்சைக் கட்டிக்கொண்டு போவார்கள். கல்லூரியில் அந்த வரியை உவமை நயம் என்று எழுதி மதிப்பெண் வாங்கியவன் நான். அந்த இரண்டு இரவுகளில் அது உவமை அல்ல, சரக்குப் பட்டியல் என்று புரிந்தது.

மணாலி திரும்பிய பிறகு அந்த ஓட்டுநரைத் தேடிப் பிடித்தேன். டாக்சி நிறுத்தத்துக்குப் பின்னால், மாலை வெளிச்சத்தில், சுமோவுக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. அவருடையவைதான். காஸா போய்த் திரும்பிய அன்று மாலையே இதைச் செய்துவிட வேண்டும் என்பது அவர் விதி. "இரவு தண்ணீர் உள்ளே தூங்கினால் காலையில் துரு எழுந்திருக்கும்" என்றார். ஒரு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து கவனித்தேன். சாக்குத் துணி, பழைய பல் தேய்க்கும் பிரஷ், ஒரு கன். இவ்வளவுதான் கருவி.

முதலில் துடைப்பது. அவர் செலவிட்ட நேரத்தில் பாதி இதற்கே போனது. நிப்பிளின் உச்சியில் கடுகைவிடச் சின்ன இரும்புக் குண்டு ஒன்று ஸ்பிரிங் மேல் உட்கார்ந்திருக்கிறது. கன்னின் அழுத்தத்தில் அது உள்ளே இறங்கி வழிவிடும், அழுத்தம் நின்றதும் மேலே வந்து அடைத்துக்கொள்ளும். நிப்பிளைத் துடைக்காமல் கன்னை மாட்டினால், மேலே ஒட்டியிருக்கும் மண் கிரீஸுக்கு முன்னால் உள்ளே போகும். மண் கலந்த கிரீஸ் என்பது உப்புத்தாள். அதற்குக் கிரீஸ் அடிக்காமலே விட்டிருக்கலாம்.

அடுத்து, சக்கரத்தைச் சற்றுத் தூக்கிப் பாரத்தை இறக்கினார். பாரம் அழுத்தும் பக்கத்தில் பந்தும் குழியும் ஒட்டிக்கொண்டிருக்கும். கிரீஸ் வேண்டியதும் அந்தப் பக்கத்துக்குத்தான். பாரம் இறங்கினால் அங்கேயும் புகும். கன்னை மாட்டி ஓர் அழுத்து. நிறுத்தினார். இடது கை விரல்களால் உறையைத் தொட்டுக்கொண்டே இன்னோர் அழுத்து. உறை மெல்ல உப்பியது. நிறுத்திவிட்டார். நான் என்றால் நிச்சயம் இன்னும் நாலு அழுத்து அழுத்தியிருப்பேன். தாராளம் காட்ட வேண்டிய இடம் இது அல்ல. கைக் கன்னே பல நூறு மடங்கு காற்றழுத்தத்தைத் தரவல்லது. அடைபட்ட உறைக்குள் அதைச் செலுத்தினால் உறை வெடிக்கும், பிறகு கிரீஸும் போச்சு, காவலும் போச்சு. விளிம்பில் கிரீஸ் வெளியேற வழி வைத்த மூட்டுகளும் உண்டு. அவற்றில் பழைய கறுப்புக் கிரீஸ் வழிந்து, புதியது எட்டிப்பார்க்கும்வரை அடித்து, வழிந்ததைத் துடைத்துவிட வேண்டும். எது எந்த வகை என்று தெரிந்துகொண்டு அடிப்பதுதான் வேலை. இன்னொன்றையும் சொன்னார். கிரீஸ் போகவில்லை என்றால் நிப்பிளின் வாயில் விரலை வைத்துப் பார்க்கும் பழக்கம் பையன்களுக்கு உண்டு. அந்த அழுத்தத்தில் பீய்ச்சும் கிரீஸ் தோலைத் துளைத்துச் சதைக்குள் போய்விடும். வெளியே ஒரு புள்ளிதான் தெரியும். வலி இல்லை என்று சும்மா இருந்தால் விரலையே எடுக்க நேரும். உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். நிப்பிள் அடைத்திருந்தால் நாலைந்து ரூபாய் சமாசாரம், கழற்றி வேறு போடலாம். அவர் டப்பாவில் பத்துப் பதினைந்து வைத்திருந்தார், நேரானதும் வளைந்ததுமாக.

ரப்பர் புஷ் பக்கம் அவர் கன்னைக் கொண்டுபோகவே இல்லை. பெட்ரோலிய எண்ணெயில் செய்த கிரீஸ் இயற்கை ரப்பரை ஊதவைத்து இளக்கிவிடும். ரப்பர் புஷ் வழுக்கிச் சுழல்வதற்கு இல்லை, முறுகிக்கொடுப்பதற்கு. இரும்புக் குழாயோடு ஒட்டவைத்த ரப்பர் கொஞ்சம் இந்தப் பக்கம், கொஞ்சம் அந்தப் பக்கம் முறுகித் திரும்பும். அதனாலேயே அதன் போல்ட்டை வண்டி தரையில் தன் பாரத்தோடு நிற்கும்போதுதான் இறுக்கி முடிக்க வேண்டும். கை தொங்கும் நிலையில் இறுக்கினால், வண்டியை இறக்கியதுமே ரப்பர் முறுகியபடி நிற்கும், சீக்கிரத்தில் கிழியும். கிறீச் என்று சத்தம் வருகிறதே என்று புஷ்ஷின் மேல் இன்ஜின் ஆயில் ஊற்றுகிறவர்களை நானே பார்த்திருக்கிறேன். இரண்டு நாள் சத்தம் இருக்காது. மலையேறும் ஆர்வலர்கள் ரப்பருக்குப் பதில் பாலியூரித்தேன் புஷ் போடுகிறார்கள். அது முறுகாது, வழுக்கிச் சுழலும். அதற்குச் செய்தவர் சொல்லும் சிலிக்கோன் கிரீஸ் வேண்டும், கடையில் தொங்கும் ஏதோ ஒன்று அல்ல. இந்த ஆர்வலர்களில் பலர் வண்டியை இரண்டு மூன்று அங்குலம் உயர்த்தியும் விடுகிறார்கள். அப்போது கைகள் எப்போதும் சரிந்தே நிற்க, மூட்டுகள் தம் எல்லையின் ஓரத்திலேயே வேலை செய்து சீக்கிரம் தேய்கின்றன. தவிர, தயாரிப்பாளரின் அமைப்பை இஷ்டத்துக்கு மாற்ற மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு இடம் தருவதில்லை. 2019இல் உச்ச நீதிமன்றமும் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆனால் உயர்த்திய வண்டிகள் குறைந்ததாகத் தெரியவில்லை.

கிரீஸைப் பற்றியும் கொஞ்சம். அதைக் கெட்டி எண்ணெய் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். கிரீஸ் என்பது எண்ணெயைப் பிடித்துவைத்திருக்கும் ஒரு வகைச் சோப்பு. ஸ்பாஞ்சு தண்ணீரை வைத்திருப்பது போல வைத்திருந்து, அழுத்தும்போது கொஞ்சம் விட்டு, விட்டதும் திரும்ப இழுத்துக்கொள்கிறது. இன்று அதிகம் புழங்குவது லித்தியம் சோப்பு கலந்தது, 1940களில் வந்தது. எவ்வளவு கெட்டி என்பதற்கு எண் உண்டு. மூட்டுகளுக்குப் பெரும்பாலும் 2ஆம் எண். பந்து மூட்டு போல அதிகப் பாரமும் குறைந்த அசைவும் உள்ள இடத்துக்கு மாலிப்டினம் சேர்த்த கறுப்புக் கிரீஸ் நல்லது. சோப்பு வகை மாறினால் கலக்கக் கூடாது. களிமண் வகைக் கிரீஸ் இருக்கும் மூட்டில் லித்தியம் வகையை அடித்தால் இரண்டும் சேர்ந்து கூழாகி ஓடிவிடும். மாற்றத்தான் வேண்டும் என்றால் பழையது முழுக்க வெளியேற வேண்டும்.

இதைப் படித்துக்கொண்டிருந்தபோது ஒரு செய்தி என்னை நிறுத்தியது. அந்த லித்தியம் சோப்பைச் செய்யத் தேவையான கொழுப்பமிலம் ஆமணக்கெண்ணெயிலிருந்து வருகிறது. உலகில் அதிகம் ஆமணக்கு விளைவிக்கும் நாடு இந்தியா. அதிலும் பெரும்பங்கு குஜராத்தில். எங்கள் ஊரில் தாத்தா, கட்டை வண்டியின் கடையாணியைக் கழற்றி, அச்சில் வண்டி மை தடவுவார். வைக்கோல் கரியை ஆமணக்கெண்ணெயில் குழைத்த மை. வண்டிக்கு அடியில் ஒரு மூங்கில் குழாயில் அது தொங்கிக்கொண்டிருக்கும். விளையாட்டில் அதைத் தொட்டுவிட்டு அம்மாவிடம் வாங்கிய அடி இன்னும் நினைவிருக்கிறது. சுமோ ஓட்டுநரின் டால்டா டப்பாவும் தாத்தாவின் மூங்கில் குழாயும் ஒரே செடியிலிருந்துதான் நிரம்புகின்றன.

மஹிந்திரா இங்கே வில்லிஸ் ஜீப்பைக் கொண்டுவந்த காலத்தில் அதற்குப் பல இடங்களில் நிப்பிள். ஆயிரம் மைலுக்கு ஒருமுறை எல்லாவற்றுக்கும் கிரீஸ் என்று அட்டவணை சொன்னது. அந்த ஜீப் வைத்திருந்தவர்கள் மாதம் ஒருமுறையாவது வண்டிக்கு அடியில் போக வேண்டியிருந்தது, அல்லது யாரையாவது அனுப்ப வேண்டியிருந்தது. இப்போது வரும் வண்டிகளில் பந்து மூட்டுகள் பெரும்பாலும் ஆயுளுக்கும் மூடி முத்திரையிட்டவை. கிரீஸ் அடிக்க வழியில்லை, தேவையில்லை என்கிறார்கள். பொய் இல்லை. துடைக்காத நிப்பிளைவிட நிப்பிளே இல்லாத மூட்டு எவ்வளவோ மேல்; நண்பரின் வண்டியில் பழைய மூட்டே இருந்திருந்தால் நாங்கள் குன்ஸும் கணவாயைப் பார்த்திருப்போம் என்றுகூட எனக்குத் தோன்றுகிறது. ஆனால் 'ஆயுள்' என்பது யாருடைய ஆயுள்? அந்த ரப்பர் உறையின் ஆயுள். ஒரு கூர்மையான கல் அதைக் கிழித்த நாளிலிருந்து மூட்டின் ஆயுளை மாதக் கணக்கில் எண்ண வேண்டியதுதான். பழைய ஏற்பாட்டில் கிரீஸ் அடிக்கப் போனவன் கிழிந்த உறையையும் ஆடும் சக்கரத்தையும் வளைந்த கையையும் சேர்த்துப் பார்த்தான். இப்போது பார்ப்பதற்கு யாரும் போவதில்லை.

தில்லி திரும்பியதும் அந்தப் பணிமனைக்குப் போனோம். சண்டை போடும் உத்தேசம் நண்பருக்கு இருந்தது. மேலாளர் ஏசி அறையில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். பழைய மூட்டை மேஜை மேல் வைத்தோம். மிகவும் வருந்தினார். தாளைப் பார்த்தார். கிரீசிங் கட்டணமாக வாங்கிய 150 ரூபாயைத் திருப்பித் தரச் சொன்னார். பிறகு, நாங்கள் கேட்காமலே, அந்த வேலையைச் செய்தவனைக் கூப்பிட்டார்.

வந்தவனுக்குப் பத்தொன்பது இருபது வயது இருக்கும். அந்த இடத்தில் எல்லோருக்கும் இளையவன். எந்தப் பணிமனையிலும் இன்ஜினைத் தொடுகிறவர் உஸ்தாத், மின்சாரம் பார்ப்பவர் மிஸ்திரி, கிரீஸ் கன் கடைசியாக வந்து சேர்ந்தவன் கையில். அவனுக்கு அந்தத் தாளை முன்பின் பார்த்த நினைவே இல்லை. அன்று பதினொரு வண்டிகள் வந்தனவாம். இருந்தது ஒரே கன், அதுவும் மூன்று நாளாகக் காற்றுப் பிடித்துக்கொண்டு பம்ப் ஆகவில்லை. சொல்லியிருக்கிறான். பார்க்கலாம் என்றிருக்கிறார்கள். சரிக்குறிகளைப் போட்டது அவன் அல்ல. அவன் கையில் பேனாவே கிடையாது. வண்டி வெளியே போவதற்கு முன் எல்லாக் கட்டமும் நிரம்பியிருக்க வேண்டும் என்பதால் முன்னறையில் யாரோ நிரப்பிவிட்டார்கள்.

மேலாளர் அவனை எங்கள் எதிரிலேயே திட்ட ஆரம்பித்தார். சண்டை போட வந்த நண்பர் எழுந்து நின்று, "முதலில் ஒரு கன் வாங்கிக் கொடுங்கள்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டார். 150 ரூபாயை அந்தப் பையன் கையில் கொடுக்கலாமா என்று எனக்கு ஒரு யோசனை. கொடுத்தால் அதற்கும் அவனுக்கு ஏதாவது கேள்வி வரும் என்று பேசாமல் வந்தேன்.

இப்போது நண்பரே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் காலனியின் வாகன நிறுத்துமிடத்தில் பாயை விரித்துப் படுத்துவிடுகிறார். நான் துடைக்கும் இலாகா. கையேட்டில் 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை என்றால் அவர் அதில் பாதியிலேயே செய்கிறார். மழைக்காலத்தில் யமுனைக் கரைப் பக்கம் தேங்கிய நீரில் வண்டி இறங்கிவிட்டால் அன்று மாலையே. பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருவர் முதலில், டிரைவர் வேலைக்குச் சேர்ந்துவிட்டீர்களா என்று கேட்டார். போன மாதம் தன் காரையும் அடியில் போய் ஒரு பார்வை பார்க்க முடியுமா என்றார். முத்திரையிட்ட மூட்டு, கிரீஸ் வேலை இல்லை. ஆனால் வலதுபக்க உறையில் நீளமாக ஒரு கீறல் இருந்தது.

சென்ற வருடம் அதே நிறுவனத்தின் அடுத்த மாடலுக்கான கையேடு என்னிடமே தமிழாக்கத்துக்கு வந்தது. இந்த முறை தயங்காமல் 'ஆர்ம்' என்றே எழுதினேன். பராமரிப்புப் பகுதியில், முன்பக்க ஆர்ம்களின் மூட்டு உறைகளைச் சரிபார்க்கவும் என்று ஒரே ஒரு வரி இருந்தது. அதன் கீழே, 'கிழிந்த உறையைக் கண்டால் வண்டியை மேற்கொண்டு ஓட்டாதீர்கள். நிப்பிள் உள்ள மூட்டானால் துடைத்த பிறகே கிரீஸ் அடியுங்கள்' என்று நானாக இரண்டு வாக்கியம் சேர்த்து அனுப்பினேன். அச்சுப்படி திரும்பி வந்தபோது அந்த இரண்டு வாக்கியங்களும் அடிக்கப்பட்டிருந்தன. ஓரத்தில் சிவப்பு மையில், 'மூலத்தில் இல்லை' என்று குறிப்பு.